மேற்படி விடயம் தொடர்பாக

2025 ஓகஸ்ட் மாதம் முழுக்க எங்கட வட்ஸ்அப் குரூப்பில் ஒரே சண்டை. இசாக் போகலாமா, போகக் கூடாதா? கல்முனைக் கரையில் லிவர்பூல் ரசிகர்கள் நிறையப் பேர். நியூகாசில் ரசிகன் என்று எனக்குத் தெரிந்து ஒருத்தன் இருக்கிறான், அவனும் மற்றவர்களைக் கடுப்பேத்தத்தான் அந்த டீமைப் பிடித்திருக்கிறான். ஆனாலும் அந்த மாதம் பாதிப் பேர் நியூகாசில் பக்கம் நின்றார்கள். "இண்டைக்கு அவனுகள விட்டுட்டு வாறவன் நாளைக்கு உங்களையும் விட்டுட்டுப் போவான்" என்று ஒருத்தன் வொய்ஸ் போட்டான். "நன்றி கெட்டவன்" என்று இன்னொருத்தன். தேத்தண்ணிக் கடையிலும் இதே கதைதான்.

நான் ஒன்றும் எழுதவில்லை. வழக்கமாக ட்ரான்ஸ்பர் காலத்தில் குரூப்பில் அதிகம் கத்துகிறவன் நான். "என்ன மச்சான், சத்தமே இல்ல?" என்று கேட்டார்கள். எக்ஸாம் என்று சொல்லித் தப்பினேன். உண்மையான காரணம் வேறு.

இசாக் கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2022 இல் ஸ்பெயினின் ரியல் சொசிடாட் கழகத்தில் இருந்து நியூகாசில் அவரை வாங்கியது. ஒப்பந்தம் 2028 வரை. 2024/25 சீசனில் பிரீமியர் லீக்கில் 23 கோல். 2025 மார்ச்சில் வெம்பிளியில் நடந்த லீக் கிண்ண இறுதியாட்டத்தில் லிவர்பூலுக்கு எதிராகவே ஒரு கோல் அடித்தார். 1955 க்குப் பிறகு உள்நாட்டில் ஒரு பெரிய கிண்ணமும் காணாத கழகம் அன்றைக்குக் கிண்ணம் தூக்கியது. அடுத்த சில மாதத்தில் தான் போகவேண்டும் என்றார். ஆசியச் சுற்றுப்பயணத்துக்கு அவர் வரவில்லை. தொடையில் சிறு காயம் என்று முதலில் சொன்னார்கள். பிறகு பார்த்தால் பழைய கழகத்தின் மைதானத்தில் தனியாகப் பயிற்சி எடுக்கிறார். லிவர்பூல் 110 மில்லியன் பவுணுக்குக் கேட்டது, நியூகாசில் மறுத்தது. லீக் தொடங்கியும் அவர் ஒரு மெச்கூட ஆடவில்லை. செப்டெம்பர் 1, ட்ரான்ஸ்பர் காலம் மூடுகிற நாள், 125 மில்லியன் பவுணுக்கு லிவர்பூல் போனார். பிரித்தானியக் கழகம் ஒன்று அதுவரை யாருக்கும் கொடுக்காத தொகை.

இதில் எல்லாரும் காசைப் பற்றிக் கதைத்தார்கள். என்னைப் பிடித்தது ஓகஸ்ட் 19 இரவு நடந்த விஷயம். தனக்கு வாக்குறுதி தரப்பட்டது, அது மீறப்பட்டது என்ற கருத்தில் இசாக் இன்ஸ்டகிராமில் எழுதினார். அன்றிரவே கழகம் பதில் போட்டது. இந்த முறை போகலாம் என்று கழகத்தின் எந்த அதிகாரியும் அவருக்கு உறுதி கொடுக்கவில்லை என்பதுதான் அந்தப் பதில்.

அதை வாசித்தபோது எனக்கு வயிற்றுக்குள் என்னவோ செய்தது. கிட்டத்தட்ட அதே வரியை, தமிழில், என் கையால் நான் எழுதியிருக்கிறேன்.

---

2023 கடைசி. நான் ஒலுவில் கெம்பசுக்குப் போகத் தொடங்கிய நேரம். ஊர்க் கிளப்பில் நான் பெரிய ஆட்டக்காரன் இல்லை; பெஞ்சில் இருந்து தண்ணிப் போத்தல் நீட்டுகிறவன். ஆனால் எழுத வரும். அதனால் அழைப்பிதழ், நன்றிக் கடிதம், மாநகர சபையிடம் மைதானம் கேட்கிற கடிதம் எல்லாம் என் தலையில்தான். "ஆர்ட்ஸ் படிக்கிற பொடியன், அழகா எழுதுவான்" என்று தலைவர் காக்கா எல்லாரிடமும் சொல்லுவார். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

எங்கட ஸ்ட்ரைக்கர் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். பெயர் வேண்டாம். மச்சான் என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். அவனுடைய வாப்பா கடலுக்குப் போகிறவர். அஸர் தொழுதுவிட்டுக் கடற்கரையில் விளையாடத் தொடங்கினால் மஃரிபுக்கு வாங்கு சொல்லும்வரை நிற்க மாட்டான். மணலில் ஓடிப் பழகிய கால், தரையில் விட்டால் பிடிக்க ஏலாது.

அதற்கு முந்தின வருடம் பக்கத்து ஊர்க் கிளப் ஒன்று அவனைக் கேட்டது. நல்ல பூட்ஸும் கொஞ்சம் காசும் தருவதாகச் சொன்னார்கள். எங்கட தலைவர் காக்கா அவனைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன். கரையில் ஏற்றி வைத்திருந்த தோணியில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "எங்களுக்கு விளையாடித் தா மனே. நாளைக்குக் கொழும்புல இருந்து ஆரும் கேட்டா நானே உன்ன பஸ் ஏத்தி விடுவன். அல்லாஹ்ட காவல்." மச்சான் அடுத்த நாளே பதிவுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டான். பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து. பஸ் ஏத்தி விடுகிற கதைக்குப் படிவத்தில் இடமில்லை.

2023 ஜனவரியில் பீஃபா இலங்கையைத் தடை செய்தது. ஓகஸ்ட் கடைசியில்தான் தடை நீங்கியது. அதற்குப் பிறகு கொழும்புப் பக்கம் ஒரு கிளப்பில் இருந்து மச்சானுக்கு கோல் வந்தது. தங்க அறை, சாப்பாடு, மாதம் கொஞ்சம் காசு, ஒரு கடையில் அரைநாள் வேலை. இங்கிலாந்துக் கதை கேட்டுவிட்டு இதைக் கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் கொழும்பில் ஆடினால்தான் பெரிய ஆட்கள் கண்ணில் படலாம். இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் அணிகள் எடுத்தால் மாதச் சம்பளத்தோடு நிரந்தர வேலை. இந்த நாட்டில் உதைபந்தாட்டக்காரனுக்குக் கிடைக்கக்கூடிய நல்ல ஒப்பந்தம் பெரும்பாலும் அதுதான்.

பிரச்சினை என்னவென்றால் அந்த நேரம் நாங்கள் ஒரு சுற்றுப்போட்டியில் அரையிறுதிக்கு வந்திருந்தோம். புதுக் கிளப்பில் பதியவேண்டும் என்றால் பழைய கிளப் விலகல் கடிதம் கொடுக்கவேண்டும். மச்சான் கேட்டான். "ஃபைனல் முடியட்டும்" என்றார்கள். ஃபைனலுக்கு முதல் கொழும்பில் பதிவுத் திகதி முடிந்துவிடும் என்றான். "அது அவங்கட பிரச்சினை" என்றார்கள்.

அவன் பிராக்டிஸுக்கு வருவதை நிறுத்தினான். காய்ச்சல் என்றான். இசாக்கின் தொடைக் காயம் மாதிரித்தான், அது என்ன காய்ச்சல் என்று ஊருக்கே தெரியும். பிறகு லீக்குக்கு ஒரு முறைப்பாடு எழுதினான்: கொழும்பில் இருந்து கேட்டால் விடுவோம் என்று கிளப் வாக்குத் தந்தது. லீக் எங்களிடம் விளக்கம் கேட்டது.

அன்றிரவு கமிட்டி கூடியது. பேப்பரும் பேனையும் என் முன்னால். "அப்பிடி ஒண்டும் நாங்க சொல்லல்ல எண்டு எழுது தம்பி." நான் தலைவர் காக்காவைப் பார்த்தேன். அவர் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோணிக்குப் பக்கத்தில் நின்றது மூன்று பேர். அதில் இரண்டு பேர் அந்த அறையில் இருந்தோம்.

நான் எழுதினேன். "மேற்படி விடயம் தொடர்பாக, குறித்த வீரருக்கு எமது கழக நிர்வாகத்தினால் எவ்வித வாக்குறுதியும் வழங்கப்படவில்லை என்பதைத் தயவுடன் அறியத்தருகின்றோம்." அழகாகத்தான் இருந்தது. றப்பர் ஸ்டாம்ப் குத்தினார்கள். பதிவுத் திகதி முடிந்தது. கொழும்புக் கிளப் வேறொருவனை எடுத்தது.

---

ஒரு சாதாரணக் கடிதத்துக்கு எப்படி இவ்வளவு பலம் வந்தது என்று பிறகு தேடிப் படித்தேன். வெளியே நாங்கள் "ஆளை வாங்கினார்கள், விற்றார்கள்" என்று கதைக்கிறோம். உண்மையில் கழகம் கையில் வைத்திருப்பது ஆளின் பதிவைத்தான். ஒரு டீச்சர் ஒரு தனியார் வகுப்பை விட்டுவிட்டு அடுத்த தெருவில் படிப்பிக்கப் போகலாம். ஆட்டக்காரன் வேலையை விட்டுவிட்டுப் போகலாம், ஆனால் பதிவு வராவிட்டால் வேறு எங்கேயும் ஆட ஏலாது. 1950களில் இங்கிலாந்தில் இது இன்னும் மோசம். ஒப்பந்தம் முடிந்த பிறகும் கழகம் பதிவைப் பிடித்து வைத்திருக்கலாம், சம்பளம் கொடுக்காமலேயே.

அதை எதிர்த்தவர் ஜோர்ஜ் ஈஸ்ட்ஹாம். கழகம் எது தெரியுமா? இதே நியூகாசில். 1960 இல் ஒப்பந்தம் முடிந்தது, போகிறேன் என்றார், விடவில்லை. அவர் ஆட மறுத்து இங்கிலாந்தின் தெற்கே போய்த் தக்கை விற்கிற வேலை பார்த்தார். அந்த வருடக் கடைசியில் ஆர்சனலுக்கு 47,500 பவுணுக்கு விட்டார்கள். விட்ட பிறகும் அவர் வழக்கைக் கைவிடவில்லை. 1963 இல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ் அந்தப் பிடித்து வைக்கும் முறை நியாயமற்றது என்று தீர்த்தார். அடுத்தது பெல்ஜியத்தின் ஜோன் மார்க் பொஸ்மன். 1990 இல் ஒப்பந்தம் முடிந்தும் அவருடைய கழகம் காசு கேட்டுப் பிடித்து வைத்தது. 1995 டிசம்பர் 15 இல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் வென்றார். இன்றைக்கு எம்பாப்பே மாதிரி ஆட்கள் ஒப்பந்தம் முடிந்ததும் காசில்லாமல் கழகம் மாறலாம் என்றால் அது பொஸ்மனின் வேலை. அவருக்கு மட்டும் அதனால் நல்ல காலம் வரவில்லை; ஆடவேண்டிய வயது வழக்கிலேயே போய்விட்டது.

இவை ஒப்பந்தம் முடிந்தவர்களின் கதை. ஒப்பந்தம் நடுவில் இருக்கும்போது போகவேண்டும் என்று நிற்பவனுக்கு என்ன வழி? இதற்கு எங்களுக்குப் பக்கத்திலேயே ஒரு வழக்கு இருக்கிறது.

அன்வர் அலி. பஞ்சாப்காரர், சென்டர் பெக். 2017 இல் இந்தியாவில் நடந்த 17 வயதுக்குட்பட்ட உலகக் கிண்ணத்தில் ஆடியவர். 2019 இல், 19 வயதில், இதயத்தில் பிரச்சினை இருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். அடுத்த வருடம் இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனம் அவரை ஆடவேண்டாம் என்று தடுத்தது. அவர் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார், மருத்துவர்களைக் கண்டார், 2021 இல் திரும்ப மைதானத்துக்கு வந்தார். அந்த நேரம் அவரைச் சேர்த்துக்கொண்டது தில்லி எஃப்சி என்ற சின்னக் கழகம். அங்கிருந்து கோவா கழகத்துக்குக் கடனாகப் போனார், இந்திய அணிக்கும் வந்தார். 2023 இல் கொல்கத்தாவின் மோகன் பகானுக்கு மீண்டும் கடனாகப் போனார். இந்த முறை கடன் நான்கு வருடத்துக்கு.

ஒரு சீசன் ஆடினார், லீக் ஷீல்டும் வென்றார்கள். 2024 ஜூலையில் அந்தக் கடன் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு ஈஸ்ட் பெங்காலுக்கு ஐந்து வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டார். மோகன் பகான் 1889 இல் தொடங்கியது. ஈஸ்ட் பெங்கால் 1920 இல், கிழக்கு வங்காளத்தில் இருந்து வந்தவர்களின் கழகமாகத் தொடங்கியது. இரண்டுக்கும் மெச் என்றால் கொல்கத்தாவில் மீன் விலைகூட மாறும் என்பார்கள். அந்த வேலியைத் தாண்டுவது எங்கட ஊரில் பக்கத்து ஊருக்குத் தாண்டுவதைவிடப் பெரிய விஷயம்.

அன்வர் தரப்பின் வாதம் பேப்பரைப் பற்றியது. 2022 இல் பீஃபா கொண்டுவந்த விதிப்படி ஒரு கடன் ஒரு வருடத்துக்கு மேல் போகக் கூடாது; அப்படியென்றால் நான்கு வருடக் கடன் எப்படிச் செல்லும்? எதிர்த்தரப்புக்கும் பிடி இருந்தது: அந்த விதி நாடு விட்டு நாடு போகிற கடனுக்கு, உள்நாட்டில் அதற்கேற்ற விதி கொண்டுவரச் சங்கங்களுக்கு மூன்று வருட அவகாசம் இருந்தது. 2024 செப்டெம்பர் 10 இல் சம்மேளனத்தின் வீரர் நிலைக் குழு தீர்ப்புச் சொன்னது: நியாயமான காரணம் இல்லாமல் முறித்தார். அன்வருக்கு நான்கு மாதத் தடை. ஈஸ்ட் பெங்காலுக்கும் தில்லி எஃப்சிக்கும் இரண்டு ட்ரான்ஸ்பர் காலம் ஆள் பதியத் தடை. மூவரும் சேர்ந்து மோகன் பகானுக்கு 12.90 கோடி இந்திய ரூபாய் நட்டஈடு.

நான்கு மாதம் என்பது சும்மா வந்த எண் இல்லை. 28 வயதுக்கு முதல் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் முதல் மூன்று வருடம் பாதுகாக்கப்பட்ட காலம் என்று பீஃபா விதி சொல்கிறது. அதற்குள் காரணமில்லாமல் முறித்தால் நட்டஈட்டோடு நான்கு மாதத் தடையும் வரலாம். இசாக் மாதிரி ஆட்கள் ஒப்பந்தத்தை முறிக்காமல் காயம், கோபம், இன்ஸ்டகிராம் என்று கழகத்தை நெருக்குவது இதனால்தான். பேப்பரைக் கிழித்தால் தண்டனை. விற்கவேண்டிய நிலைக்குக் கழகத்தைக் கொண்டுவந்தால் எல்லாரும் காசோடு வீட்டுக்குப் போகலாம்.

அன்வர் கதை அங்கே முடியவில்லை. மூன்றே நாளில் விஷயம் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய், அந்தத் தீர்ப்பு மீளப் பெறப்பட்டது. புதிதாக விசாரிப்பது என்றானது. அவர் அந்த சீசனிலேயே ஈஸ்ட் பெங்கால் சட்டையோடு ஆடினார்.

இந்த வழக்கை வாசித்தபோது "நன்றி" என்ற சொல்லை எங்கே வைப்பது என்று எனக்குக் குழம்பிப்போனது. அன்வர் யாருக்கு நன்றியாக இருக்கவேண்டும்? ஷீல்டு வென்று கொடுத்த மோகன் பகானுக்கா, மற்றவர்கள் பயந்த நேரத்தில் எடுத்த தில்லிக்கா? இதயம் எப்ப நிற்கும் என்று மற்றவர்கள் கணக்குப் பார்த்த ஒருவன், தன் காலத்தைத் தானே கணக்குப் பார்ப்பது பெரிய குற்றமா? அதே நேரம், கையெழுத்துப் போட்டால் போட்டதுதானே என்று மோகன் பகான் கேட்டதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

---

எங்கட கிளப் பக்கமும் சொல்லவேண்டும். தலைவர் காக்கா கெட்ட மனிதர் இல்லை. ஜேர்சி, பந்து, மெச்சுக்குப் போகிற வேன் எல்லாம் கட்டாரிலும் சவூதியிலும் இருக்கிற காக்காமார் அனுப்புகிற காசு. அவர்கள் அங்கே ஃபோனில் லைவ் பார்ப்பார்கள். "ஸ்ட்ரைக்கர் எங்க?" என்று கேட்டால் பதில் சொல்லவேண்டியது அவர். மச்சானுக்குப் பதினான்கு வயதில் முதல் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தது அவர்தான். விட்டால் கிளப்புக்கு ஒரு சதம் வராது, பதிலுக்கு ஒரு ஆளும் வராது. நியூகாசிலுக்காவது 125 மில்லியன் வந்தது.

ஆனால் ஒன்று. அந்த வருடம் எங்கட கோல் கீப்பர் வேறொரு ஊர்க் கிளப்பில் இருந்து வந்தவன். எப்படி வந்தான்? அங்கே பிராக்டிஸுக்குப் போகாமல் வீட்டில் இருந்து, சண்டை பிடித்து, கடிதம் வாங்கிக்கொண்டு வந்தான். அவனுக்கு நாங்கள் மாலை போட்டோம். நியூகாசிலும் இசாக்கைத் திட்டிக்கொண்டிருந்த அதே நாட்களில் பிரென்ட்ஃபோர்டின் விஸ்ஸாவுக்குக் காசு நீட்டிக்கொண்டிருந்தது. தன்னைப் போகவிடாமல் கழகம் தடுக்கிறது என்று விஸ்ஸாவும் இன்ஸ்டகிராமில் எழுதினார். இசாக் போன அதே நாளில் அவர் நியூகாசிலுக்கு வந்தார். எங்களிடம் இருந்து போகிறவன் நன்றி கெட்டவன், எங்களிடம் வருகிறவன் துணிச்சல்காரன்.

மெஸிக்கும் இதுதான் நடந்தது. 2020 ஓகஸ்டில் பார்சிலோனாவை விட்டுப் போகிறேன் என்று கடிதம் அனுப்பினார். காசில்லாமல் போகலாம் என்ற உரிமை ஒப்பந்தத்தில் இருந்தது, ஆனால் ஜூன் 10 க்கு முதல் சொல்லவேண்டும். கொவிட்டால் சீசனே ஓகஸ்ட் வரை இழுபட்டது. திகதி போய்விட்டது, 700 மில்லியன் யூரோ கட்டு என்றார்கள். சீசன் முடியும்போது நீயே முடிவெடுக்கலாம் என்று கழகத் தலைவர் சொல்லிக்கொண்டிருந்தார், கடைசியில் சொல்லைக் காக்கவில்லை என்றார் மெஸி. வழக்குப் போட மனமில்லாமல் தங்கிவிட்டார். உலகத்தின் பெரிய ஆட்டக்காரனுக்கே வாய்ச்சொல் உதவவில்லை. எங்கட மச்சான் எம்மாத்திரம்.

எனக்குக் கடைசியாக விளங்கியது இவ்வளவுதான். போகவேண்டும் என்று நிற்பவனோடு நடக்கிற சண்டை, அவன் வரும்போது பேசி எழுதாமல் விட்ட விஷயத்தைப் பற்றியது. எல்லாரும் சந்தோஷமாக இருக்கிற நாளில் "எப்ப போகலாம், எவ்வளவுக்குப் போகலாம்" என்று கேட்க வெட்கம். கேட்டால் இப்பவே போகப் பார்க்கிறான் என்பார்கள். பிறகு பேப்பர் யார் கையில் இருக்கிறதோ அவருடைய ஞாபகம்தான் உண்மையாகிறது. எங்கட விஷயத்தில் பேனையும் என் கையில் இருந்தது.

போன வருடப் பொதுக்கூட்டத்தில் பதிவுப் படிவத்தில் இரண்டு வரி கூட்டவேண்டும் என்று கேட்டேன். ஒன்று, எதுவரைக்கும் இந்தப் பதிவு. மற்றது, பேசிக்கொண்ட வேறு உடன்பாடு ஏதும் இருந்தால் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்து. முதலாவதை ஏற்றுக்கொண்டார்கள். இரண்டாவது, "நாங்க என்ன பேங்க்கா தம்பி" என்ற சிரிப்போடு போய்விட்டது. தலைவர் காக்கா மட்டும் சிரிக்கவில்லை. இந்த வருடம் திரும்பக் கேட்பேன்.

மச்சான் அந்த சீசன் ஆடவே இல்லை. நாங்கள் ஃபைனலிலும் தோற்றோம். ஆறு மாதம் கழித்து விலகல் கடிதம் கொடுத்தார்கள், அதையும் நான்தான் எழுதினேன். அப்ப கொழும்பில் அவனை யாரும் கேட்கவில்லை. இப்ப கட்டாரில் ஒரு களஞ்சியத்தில் வேலை. வெள்ளிக்கிழமை விடிய எங்கட ஊர்ப் பொடியன்மாரோடு ஆடுகிறானாம். கிளப்புக்கு இந்த முறை ஜேர்சி அடிக்க அவனும் காசு அனுப்பியிருக்கிறான்.

இதை எழுதி முடித்த பிறகு, போடுவதற்கு முதல், அவனுக்கு ஒரு வொய்ஸ் அனுப்பினேன். அந்த முதல் கடிதமும் நான் எழுதியதுதான் என்று சொன்னேன். சொல்லி முடிக்க இரண்டு நிமிஷம் எடுத்தது. இரவு டியூட்டி முடிந்துதான் பதில் வந்தது.

"தெரியும் மச்சான். 'மேற்படி விடயம் தொடர்பாக' எண்டு எங்கட ஊர்ல உன்ன விட்டா ஆருடா எழுதப் போறான்? லீக்ல அத வாசிச்சுக் காட்டக்குள்ளயே எனக்கு விளங்கிட்டு." பிறகு கொஞ்சம் நிறுத்தி, "நீயும் அண்டைக்கு தோணிக்குப் பக்கத்துலதானே நிண்ட" என்றான்.

ஓம் மச்சான். நின்றேன்.